மாஞ்சோலை: குத்தகைப் பத்திரத்தில் பெயரில்லாத குடிகள்

மணிமுத்தாறு அணையைத் தாண்டி, வனத்துறைச் சோதனைச் சாவடி வழியாக மலையேறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று அடுத்தடுத்து எஸ்டேட்டுகள் வரும். திருநெல்வேலி மாவட்டம் அம்பாசமுத்திரம் வட்டத்தில், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற தேயிலைத் தோட்டங்கள் இவை. மழைக்காலத்தில் தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்த இடம் என்று நாலுமுக்கு, ஊத்து பெயர்கள் செய்தியில் அடிபடும். மற்ற நாட்களில் செய்தியில் வந்ததெல்லாம் கூலிப் போராட்டமும் குத்தகை வழக்கும்தான்.

நில உடைமையையும் அனுபோகத்தையும் ஆராயும் பல்கலைக்கழக மையம் ஒன்று நெல்லைச் சீமையில் ஒரே ஒரு நிகழ்வைத்தான் எடுக்கலாம் என்றால், இதைத்தான் எடுக்க வேண்டும். ஜமீன், நீண்டகாலக் குத்தகை, ஜமீன் ஒழிப்பு, காப்புக்காடு, வன உரிமை என்று தமிழ்நாட்டு நிலச் சட்டத்தின் அடுக்குகள் எல்லாம் இந்த ஒரு மலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அடுக்கு மாறிய ஒவ்வொரு முறையும் சட்டம் யாரைப் பார்த்தது, யாரைப் பார்க்கவில்லை என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

பத்திரம்

1929 பிப்ரவரி 12 அன்று சிங்கம்பட்டி ஜமீன் தன் மலையில் 8,373 ஏக்கர் 57 சென்ட் நிலத்தை பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. ஹெக்டேரில் சொன்னால் ஏறக்குறைய 3,388. கணக்குப்படி 2028 பிப்ரவரி 11-ஆம் தேதியோடு தவணை முடிகிறது. 1919-இல் சென்னையில் நடந்த கொலை வழக்கில் ஜமீன் வாரிசு சிக்கியதாலும், அந்த வழக்குச் செலவாலும்தான் மலை கைமாறியது என்பது ஊர்ப்பேச்சு. வழக்குக்கும் பத்திரத்துக்கும் நடுவே ஒன்பது ஆண்டுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. ஜமீன் கடன் கணக்கைப் பார்க்காமல் இதைக் காரணமாக எழுதுவது ஆய்வாகாது.

99 ஆண்டு என்பது விற்பனை அல்ல. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி குத்தகை என்பது குறித்த காலத்துக்கு அனுபவிக்கும் உரிமை மட்டுமே. நிலத்தின் மேலான பாத்தியதை விட்டவரிடமே இருக்கும். தவணை முடிந்தால் உரிமை தானாகவே தீர்ந்துபோகும், தனியாக ரத்துப் பத்திரம் எழுத வேண்டியதில்லை. குத்தகைதாரர் கட்டியதைப் பிரித்து எடுத்துப் போகலாம், நிலத்தை விட்டுப் போக வேண்டும். இப்படிப்பட்ட பத்திரத்தில் இரண்டே தரப்பு இருக்கும். ஜமீனும் கம்பெனியும் கையெழுத்துப் போட்டன. காட்டை வெட்டி, குழி தோண்டி, நாற்று வைக்க மலையேறிய ஆட்கள் மூன்றாம் தரப்புக்கூட இல்லை.

பத்திரத்தைத் தேடும்போது முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. கணினி வில்லங்கச் சான்று அண்மைச் சில பத்தாண்டுகளைத்தான் காட்டும். 1929-க்குப் போக, சார் பதிவாளர் அலுவலகத்தில் கைப்பதிவுப் புத்தகங்களில் தேடல் மனு போட வேண்டும். அதுவும் இன்றைய கிராமப் பெயரில் தேடினால் கிடைக்காது, அன்றைய ஜமீன் கிராமப் பெயரில் தேட வேண்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை கட்டாயம் பதிவாகியிருக்க வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். ஆகவே தேடல் வெறுங்கையோடு திரும்பினால் பத்திரம் இல்லை என்று பொருளில்லை, தேடிய பெயர் தப்பு என்றே கொள்ள வேண்டும்.

1952: மலை அரசுக்கு வந்தது, குத்தகை அப்படியே நின்றது

சென்னை மாகாணத்தின் 1948-ஆம் ஆண்டு 26-ஆம் எண் சட்டத்தை ஊரில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் என்பார்கள். ஒரு ஜமீனை அரசிதழில் அறிவித்த நாளிலிருந்து அதன் விளைநிலம், காடு, சுரங்கம், நீர்நிலை எல்லாம் வில்லங்கம் எதுவுமின்றி அரசைச் சேரும் என்கிறது மூன்றாம் பிரிவு. சிங்கம்பட்டிக்கு இது 1952-இல் நடந்தது.

வில்லங்கமின்றி அரசைச் சேர்ந்துவிட்டது என்றால் கம்பெனியின் குத்தகை எப்படி உயிரோடு இருந்தது? இதற்கு விடை அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவில் இருக்கிறது. இதை மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போகிற ஆய்வுகள்தான் மிகுதி. அறிவிப்பு நாளுக்கு முன் ஜமீன்தார் யாருக்காவது குத்தகையாகவோ வேறு வகையிலோ ஓர் உரிமையைக் கொடுத்திருந்தால் அது செல்லும், அதன்படியான உரிமைகளும் கடமைகளும் இனி அரசுக்கும் அந்த நபருக்கும் இடையே நடக்கும் என்பது பொது விதி. ஒழிப்பு வரப்போகிறது என்று தெரிந்து கடைசி நேரத்தில் எழுதிக்கொடுத்தவர்களைத் தடுக்க 1945 ஜூலை 1 என்று ஒரு கோடு கிழித்தார்கள். அந்த நாளிலோ அதன் பிறகோ ஓராண்டுக்கு மேல் எழுதிய உரிமை அரசைக் கட்டுப்படுத்தாது. 1929 பத்திரம் அந்தக் கோட்டுக்கு வெகுமுன்னால் இருப்பதால் தப்பியது.

அதே பிரிவில் இன்னொரு வாசலும் உண்டு. ஓராண்டுக்கு மேற்பட்ட உரிமையைப் பொதுநலன் கருதி, நோட்டீஸ் கொடுத்து, அரசு முடித்துக்கொள்ளலாம். ஜமீனின் சொந்தப் பண்ணை நிலமாக இருந்தால் மட்டும் இந்த வாசல் மூடியிருக்கும். அரசு அந்த வாசல் வழியாகப் போகவில்லை. 1958-இல் குத்தகை தொடர வழிவிட்டது. ஜமீன்தார் இருந்த இடத்தில் அரசு வந்து உட்கார்ந்தது, எதிரே கம்பெனி அப்படியே இருந்தது.

இப்போது மலையடிவாரத்தைப் பார்க்க வேண்டும். அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவு, ஜமீன் நிலத்தை உழுது வந்த ரயத்துக்கு ரயத்துவாரிப் பட்டா கொடுத்தது. ரயத்து என்றால் யார்? 1908-ஆம் ஆண்டின் எஸ்டேட் நிலச் சட்டப்படி, விவசாயத்துக்காக நிலத்தை வைத்துக்கொண்டு ஜமீனுக்கு வாரமோ (விளைச்சலில் ஒரு பங்கு) தீர்வையோ கட்டுகிறவர். கீழே வயலில் நின்றவர் வாரம் கொடுத்தார், பட்டாதாரர் ஆனார். மேலே தோட்டத்தில் நின்றவர் கூலி வாங்கினார், எதுவும் ஆகவில்லை. இருவரும் ஒரே ஜமீன் எல்லைக்குள் ஒரே சட்டத்தின் கீழ் இருந்தவர்கள். மலையில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் சமவெளியின் தலித் குடும்பங்களிலிருந்து கங்காணிகள் வழியாக வந்தவர்கள். கீழேயே வாரத்துக்கு நிலம் கிடைக்காததால்தான் மலையேறினார்கள். நில உரிமை கொடுக்கிற சட்டம் ஏற்கெனவே நிலத்தில் கால் வைத்திருந்தவரைத்தான் பிடித்துத் தூக்கிவிட்டது. இந்த ஆய்வில் வேறு எதை விட்டாலும் இதை விடக்கூடாது.

1971-இல் தமிழ்நாடு அரசு குடியிருப்புச் சட்டம் கொண்டுவந்து, மிராசுதார் மனையில் குடிசை போட்டிருந்த பண்ணையாட்களுக்கு அந்த மனையையே உரிமையாக்கியது. அது தனியார் நிலச் சொந்தக்காரரைப் பார்த்து எழுதிய சட்டம். மாஞ்சோலை மண் அதற்குள் அரசுடையது ஆகி 19 ஆண்டு ஆகியிருந்தது.

லைன் வீடு எந்த வகை அனுபோகம்?

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் 15-ஆம் பிரிவில், தோட்டத்தில் தங்கி வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் அவர் குடும்பத்துக்கும் முதலாளி வீடு கொடுத்துப் பராமரிக்க வேண்டும் என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் லைன் எனப்படும் அந்த வரிசை வீடு தொழிலாளிக்கு நலத்திட்டமாக வந்தது, சொத்தாக வரவில்லை. வாடகை ஒப்பந்தம் இல்லாததால் வாடகைக் கட்டுப்பாட்டுப் பாதுகாப்பு கிடையாது. 1882 வசதியுரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் சொல்கிற அனுமதி என்ற வகையில் அடங்கும் இது. நிலத்தில் எந்தப் பங்கும் இல்லாமல், இன்னொருவர் இடத்தில் இருக்க விடப்பட்ட நிலை.

“பன்னிரண்டு வருசம் இருந்தா சொந்தமாயிரும்னு சொல்லுதாங்களே” என்ற கேள்வி இந்த இடத்தில் தவறாமல் வரும். சொந்தமாகாது. எதிரிடை அனுபோகம் என்று கோர, சொந்தக்காரரின் உரிமையை மறுத்து, அவருக்குத் தெரியும்படி, அவர் அனுமதி இல்லாமல் இருந்திருக்க வேண்டும். தனியாருக்கு எதிராக 12 ஆண்டு, அரசுக்கு எதிராக 30 ஆண்டு என்பது 1963 காலவரையறைச் சட்டம். வேலைக்காகக் கொடுத்த வீட்டில் நாலு தலைமுறை இருந்தாலும் அது அனுமதியின்பேரில் இருந்ததுதான். வருடம் கூடக் கூட உரிமை கூடுவதில்லை.

அந்த வீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டுமென்றால் குடும்பத்தில் ஒருவர் பெயராவது செக்ரோல் எனப்படும் வருகைப் பதிவேட்டில் இருக்க வேண்டியிருந்தது. ஆக, அந்தப் பதிவேடுதான் நடைமுறையில் இந்தக் குடிகளின் நில ஆவணம். கிராமக் கணக்கில் எந்தத் தாளை எடுத்தாலும் அவர்கள் வரமாட்டார்கள். ‘அ’ பதிவேடு நிலத்தின் வகையையும் உடையவரையும் சொல்லும், அடங்கல் பயிரைச் சொல்லும், புலப்படம் எல்லையைச் சொல்லும். லைனில் எத்தனை அடுப்பு எரிகிறது என்பதைச் சொல்ல ஒரு கலம்கூட இல்லை.

1999-இல் கூலி உயர்வும் சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு நெல்லையில் ஊர்வலம் போனார்கள். ஜூலை 23 அன்று காவல்துறைத் தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் இறந்தார்கள். அது கூலிப் பிரச்சினை என்றே பதிவாகியிருக்கிறது. கூலி ஒன்றையே பிடிமானமாகக் கொண்ட குடிகளுக்குக் கூலிப் போராட்டம் குடியிருப்புப் போராட்டமாகவும் இருக்கிறது என்பதை நில ஆய்வுகள் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காப்புக்காடு

1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் காப்புக்காடு ஆக்க மூன்று படிகள் வைத்திருக்கிறது. நான்காம் பிரிவில் காடாக்கும் எண்ணத்தை அறிவித்து வன நிர்ணய அலுவலரை நியமிப்பது முதல் படி. ஆறாம் பிரிவில் உரிமை கோருபவர்களை அழைத்து, குறைந்தது 3 மாதம் அவகாசம் கொடுப்பது இரண்டாவது. கோரிக்கைகளைத் தீர்த்த பிறகு 16-ஆம் பிரிவில் இறுதி அறிவிப்பு. சிங்கம்பட்டி மலைக்கு இறுதி அறிவிப்பு 2018-இல் வந்தது. கம்பெனி தொடுத்த வழக்குகள் அதைத் தடுக்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் 1980 வனப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதால், வன நிலத்தை ஒன்றிய அரசின் முன் அனுமதி இல்லாமல் மாநில அரசு யாருக்கும் குத்தகைக்கு விடவும் முடியாது. 2028-க்குப் பிறகு புதுப்பிப்பு என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போனது இப்படித்தான்.

கம்பெனி தவணைக்கு முன்பே வெளியேறத் தீர்மானித்து 2024 ஜூனில் விருப்ப ஓய்வுத் திட்டத்தை முடித்தது. தொழிலாளர் தரப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ ஏற்று நடத்த வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. 2024 டிசம்பர் 3 அன்று மதுரைக் கிளை, மறுவாழ்வு உதவிகளைச் செய்யச் சொல்லி, அந்தக் கோரிக்கையை ஏற்க மறுத்தது. டான்டீ இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்காக நீலகிரியில் வன நிலத்திலேயே உருவானது என்பதால், கோரிக்கைக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. ஆனால் டான்டீயே 2022-இல் தன் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுத்தது என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

கையில் கிடைப்பது என்ன என்பதற்கு ஒரு கணக்கு. பணிக்கொடை ஓராண்டுச் சேவைக்கு 15 நாள் கூலி. 30 ஆண்டு கொழுந்து பறித்தவருக்கு 450 நாள் கூலி. நாட்கூலி 450 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,02,500 ரூபாய். வருங்கால வைப்பு நிதியும் விருப்ப ஓய்வுத் தொகையும் இதற்கு மேல். கீழே வந்து மனை வாங்கிச் சுவர் எழுப்ப இது எந்த அளவுக்குக் காணும் என்பதை அம்பாசமுத்திரம் பக்கத்து மனை விலை தெரிந்தவர்கள் தாங்களே பார்த்துக்கொள்ளலாம். மறுவாழ்வுத் தொகையை மதிப்பிடும் ஆய்வு, வந்த பணத்தோடு நின்றுவிடக்கூடாது. வாடகை இல்லாத வீடு, தோட்டத்து மருத்துவமனை, விறகு, தண்ணீர் என்று நின்றுபோனதையும் ரூபாயில் போட வேண்டும். இங்கேதான் கணக்கு வழக்கமாகப் பிசகுகிறது.

75 ஆண்டும் ஒரு தேதியும்

2006 வன உரிமைச் சட்டம்தான் காட்டில் இருக்கும் குடியின் பெயரை எழுத இடம் வைத்த சட்டம். பழங்குடி அல்லாதவர்கள் ‘பிற மரபுவழி வனவாசி’ என்று கோரலாம். அதற்கு 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது தலைமுறைக்கு 25 வீதம் 75 ஆண்டு, காட்டில் இருந்து பிழைப்புக்கு அதைச் சார்ந்திருக்க வேண்டும். பின்னோக்கிக் கணக்கிட்டால் 1930 டிசம்பர் 13 வருகிறது. குத்தகை தொடங்கியது 1929 பிப்ரவரி. முதல் இருபத்திரண்டு மாதங்களுக்குள் மலையேறிய குடும்பம் கோட்டுக்கு உள்ளே நிற்கிறது, 1931-இல் வந்த குடும்பம் வெளியே நிற்கிறது. அடுத்தடுத்த வீடு, ஒரே வேலை, ஒரே மழை.

காலத்தைத் தாண்டினாலும் கேள்விகள் இருக்கின்றன. தேயிலைக் கூலி காட்டைச் சார்ந்த பிழைப்பு ஆகுமா, தோட்டமாக இருந்த நிலம் அந்த 75 ஆண்டில் வன நிலம் என்று கணக்காகுமா என்ற இரண்டிலும் அரசுத் தரப்புக்கு வலுவான வாதம் உண்டு. புலிகள் காப்பக உட்பகுதியில் இருப்பவர்களை மாற்ற வேண்டுமென்றால் தனி நடைமுறை இருக்கிறது என்பதும், கோரிக்கை விசாரணை முடியும்வரை வெளியேற்றக் கூடாது என்று நான்காம் பிரிவு சொல்வதும் மறுபக்கம். எங்கள் கருத்து இது: கோரிக்கை வெல்லுமா என்பதைக் கிராம சபையும் கோட்ட, மாவட்டக் குழுக்களும் சொல்லட்டும். ஆனால் கோரிக்கை எழுதப்படாமலே போனால் அடுத்த ஆய்வாளருக்கு இந்தக் குடிகள் இருந்ததற்கே தடம் இருக்காது.

கோரிக்கை எழுதுவதற்கு வன உரிமைச் சட்ட விதிகளில் விதி 13 தரும் சான்றுப் பட்டியல் மிக விரிவானது. குறைந்தது இரண்டு சான்று வேண்டும். குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், வீட்டு வரி ரசீது போன்ற அரசுத் தாள்கள் மட்டும் என்றில்லை. பெரியவர்களின் எழுத்து வாக்குமூலம், பழைய பதிவில் இருக்கிற ஒருவரிடமிருந்து தொடங்கும் வம்சாவளி, கிணறு, கோயில், கல்லறை எல்லாம் சான்றுதான். மாஞ்சோலை போன்ற இடத்தில் கல்லறைக் கல் தனிச் சிறப்புடையது. அதில் பெயர் இருக்கும், தேதி இருக்கும், இடம் நகராது. பிறப்பு வருடமும் இருந்தால் ஒரு தலைமுறை அங்கேயே நிரூபணமாகிறது. கல்லைப் படமெடுத்தால் போதாது. ஊரிலிருந்து எந்தத் திசை, எத்தனை அடி, பக்கத்தில் என்ன என்று குறித்து, இறந்தவரின் வாரிசு யார் என்பதை இரண்டு பேரிடம் கேட்டு எழுத வேண்டும். மழையும் பாசியும் எழுத்தை அழித்துக்கொண்டிருப்பதால் எழுத்து தெரியாத கற்களில் சாய்வாக வெளிச்சம் அடித்துப் படிக்க வேண்டும். தேவாலய ஞானஸ்நானப் பதிவு, எஸ்டேட் பள்ளிச் சேர்க்கைப் பதிவு இரண்டோடும் ஒப்பிட்டால் பெயரெழுத்துப் பிழைகள் வெளிப்படும்.

குடும்பப் படிவத்தில் விடக்கூடாத விவரம், கீழே எந்த ஊரிலிருந்து முதலில் வந்தார்கள் என்பது. பழைய நெல்லை மாவட்டம் 1986-இல் தூத்துக்குடியையும் 2019-இல் தென்காசியையும் பிரித்துக் கொடுத்துவிட்டது. ஒரே லைனில் இருக்கும் குடும்பங்களின் பூர்வீகப் பதிவுகள் இன்று மூன்று ஆட்சியர் அலுவலகங்களிலும் கேரளத்திலும் சிதறிக் கிடக்கின்றன. பூர்வீக ஊர் நத்தத்தில் தாத்தா பேரில் மனை இருக்கிறதா, அதில் யார் இருக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். ‘சொந்த ஊருக்குப் போகலாமே’ என்று சொல்பவர்களுக்குப் பதில் அந்தக் கலத்தில்தான் இருக்கிறது.

காடு திரும்ப வளர வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. மணிமுத்தாறும் அதன்வழி தாமிரபரணியும் அந்தச் சோலைகளிலிருந்துதான் நீர் பெறுகின்றன, கீழே வயல் வைத்திருக்கும் எல்லோருக்கும் அது தெரியும். காட்டை மீட்பதும் குடிகளின் பதிவை மீட்பதும் ஒன்றையொன்று தடுக்கிற வேலைகள் அல்ல.

உடனே செய்ய வேண்டியது செக்ரோலைப் படியெடுப்பது. பழைய வருகைப் பதிவேடுகளை நூறாண்டு வைத்திருக்கும்படி எந்தத் தொழிலாளர் சட்டமும் முதலாளியைக் கேட்பதில்லை. தோட்டம் மூடினால் அலுவலக அலமாரிதான் முதலில் காலியாகும். வைப்பு நிதிக் கணக்கு எண், பணிக்கொடை நியமனப் படிவம், பழைய சம்பளச் சீட்டு ஆகியவை இன்னும் பல வீடுகளில் தகரப் பெட்டிக்குள் இருக்கும். ஒரு குடும்பத்துக்கு ஓர் உறை என்று வைத்து, எல்லாவற்றையும் வருட வரிசையில் படமெடுத்து, ஒரு பிரதியைக் குடும்பத்திடமும் ஒரு பிரதியைப் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்திலும் வைக்க வேண்டும். மூலத் தாளை ஆய்வாளர் வாங்கிக்கொண்டு போகக் கூடாது. இருப்பது அந்த ஒன்றுதான்.